மச்சான் விழுங்கிய மூன்று மாத்திரைகள்

பிப்ரவரி 3
இன்று முதல் மாத்திரை. ஈரலில் கிருமி, ஹெபடைடிஸ் சி. வாலிபத்தில் விபத்தானபோது ரத்தம் ஏற்றினார்களே, அதில் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். கூப்பிடாத விருந்தாளி, இத்தனை வருஷமாகச் சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது.

தினம் ஒன்று, ஒரே நேரத்தில், எண்பத்து நாலு நாள். ஒரு டப்பாவுக்கு இருபத்தெட்டாக மூன்று டப்பா, இப்போதைக்கு ஒன்று கொடுத்தார்கள். மறந்தால் போன் செய்ய வேண்டும், இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. இதய மாத்திரை உண்டா என்று நர்சம்மா இரண்டு தடவை கேட்டார். நெஞ்செரிச்சல் மருந்து, நாட்டு மருந்து எதையும் கேட்காமல் தொடக் கூடாதாம்.

"பொண்டாட்டி திட்டு?" என்றேன்.

"அது சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும்" என்றார். எனக்கேற்ற நர்சு.

பிப்ரவரி 4
வீட்டில் பேத்தி கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் போடுகிறாள். டப்பாவைக் கடைக்குக் கொண்டுபோய் நூல் டிராயரில் வைத்தேன்.

மச்சானிடம் சொல்லவில்லை. பொண்டாட்டியின் அண்ணன், என்னைவிட இரண்டு மாதம் சின்னவன், அதனால் மரியாதை கிடையாது. பதினெட்டு வருஷமாக இருவரும் கார் சீட் தைக்கிறோம். ஊசி குத்தாத நாள் இல்லை. தெரிந்தால் தனிக்கடை போட்டுவிடுவானோ? அப்புறம் நான் யாரைக் கிண்டல் செய்வது?

என் ஊசியை மட்டும் பையிலேயே வைத்துக்கொள்கிறேன். "என்ன மாப்ளே, தங்க ஊசியா?" என்கிறான்.

பிப்ரவரி 6
டப்பாவைப் பார்த்துவிட்டான். "என்னது இது?"

என் வாய் சும்மா இருக்குமா? "முடி வளர்ற மாத்திரை."

அவன் தலை எங்கள் கடையின் இரண்டாவது பல்பு. "உனக்குத்தான் இருக்கே!"

"இருக்கிறதைக் காப்பாத்தணும்ல."

நம்பிவிட்டான். பாவம். இல்லை, பாவமெல்லாம் இல்லை.

பிப்ரவரி 12
கொஞ்சம் தலைவலி, அசதி. வரும் என்று நர்சம்மா முன்பே சொல்லியிருந்தார். கடைக்கு வருகிற காரின் கண்ணாடியிலெல்லாம் மச்சான் மண்டையைத் தடவிப் பார்க்கிறான். என்ன வந்தது இவனுக்கு?

பிப்ரவரி 13
டப்பாவில் பதினேழு இருக்க வேண்டும். பதினாலுதான் இருந்தது. கொட்டி மறுபடி எண்ணினேன். பதினாலு.

"மச்சான்!"

"மூணே மூணுதான் மாப்ளே. தினம் ஒண்ணு. லேசா குறுகுறுங்குது."

சிரிப்பு வரவில்லை. அட மடையா, நீ இதயத்துக்கு மாத்திரை போடுறவனாச்சே! சில இதய மாத்திரையோடு இது சேர்ந்தால் நாடியே இறங்கிவிடும் என்றார்களே... என் வாயில் தீயை வைக்க.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் கையை உருவிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான். அதுதான் பயமாக இருந்தது.

நெஞ்சில் ஒயர் ஒட்டி சாயங்காலம் வரை படுக்கவைத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, அவன் மாத்திரை அந்த வகை இல்லை. ரத்தமும் எடுத்தார்கள். எனக்குக் குறைந்த மூன்றையும் டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

"டிராயருக்கு ஒரு பூட்டு, உங்க வாய்க்கு ஒண்ணு" என்றார் நர்சம்மா.

பிப்ரவரி 15
மச்சான் ரத்தத்தில் கிருமி இல்லை. அப்பாடா.

கடைக்கு வந்ததும் ஊசிகளை இரண்டு பெட்டியாகப் பிரித்தான். என் பெட்டியில் சிவப்பு பெயின்ட் அடித்தான். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் நான் பாதி குடித்து வைத்திருந்த டீயை எடுத்து மடக்கென்று குடித்தான்.

"ஊசி, பிளேடு, பல்லு பிரஷ்ஷு மட்டும் தனியா இருக்கணுமாம். டீக்கு ஒண்ணுமில்ல. நர்சம்மாகிட்ட கேட்டுட்டேன்."

கொஞ்சம் கழித்து, "கிருமிக்காகக் கோவமில்ல மாப்ளே. முடின்னு சொன்னே பாரு, அதுக்குத்தான்."

மார்ச் 20
பத்து மணிக்கு மாத்திரை போட்டதும் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறான், மாடு வாங்க வந்தவன் மாதிரி.

ஏப்ரல் 27
கடைசி மாத்திரை. ஒரு நாளும் தவறவில்லை. கிருமி போனதா என்பது பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் தெரியுமாம்.

ஜூலை 22
ரத்தத்தில் கிருமி இல்லை.

கடைக்கு வந்து சொன்னேன். மச்சான் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்ப அந்த பஸ்காரரை வரச் சொல்லட்டா?"

"எந்த பஸ்காரர்?"

"நாப்பத்திரண்டு சீட்டு. மார்ச்சிலேருந்து இன்னிக்கு, நாளைக்குன்னு இழுத்துட்டிருக்கேன். நீதான் வாடின கத்தரிக்கா மாதிரி கெடந்தியே."

பெரிய வேலையே வரவில்லை என்றல்லவா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான்!

பதிலுக்கு ஒரு கிண்டல் தேடினேன். "என்ன கலர் ரெக்சினாம்?" என்று மட்டும் கேட்டேன்.