தயிர்ப் பதம்

மகளே,

நீ அனுப்பிய மிக்சி மட்டாஞ்சேரிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தது. மீன்குழம்புச் சோறு திப்பி இல்லாமல் அரைகிறது.

விழுங்கச் சிரமப்படுகிற உன் அம்மாவுக்கு எல்லாமே தயிர்ப் பதத்தில் இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். சீக்காளிக்குக் கஞ்சித்தண்ணீர்தானே வழக்கம் என்று நான்தான் கொடுத்தேன். புரையேறி, அம்மாவுக்கு மூச்சே நின்றுவிடும்போல் ஆகிவிட்டது. உன்னிடம் வெறும் இருமல் என்று சொன்னது அதைத்தான்.

நேற்று நான் சாப்பிடும்போது என் தட்டையே பார்த்தவள், "இத்திரி மீனு தாங்க" என்றாள். பக்கவாதம் வந்த இந்த நான்கு மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு.

கொஞ்சம் மீன்தான் கேட்டாள், ஆனால் மறுபடி புரையேறிவிடுமோ என்று எனக்குப் பயம். காதில் விழாததுபோல் எழுந்துபோய் மிக்சியைப் போட்டேன்.

அதன்பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. மிக்சி நன்றாகத்தான் ஓடுகிறது.

உன் அப்பா