சிவப்பு முனையில் இருந்த குரல்

மச்சான்,

நீ பிதற்றவில்லை. பிதற்றுகிறாய் என்று உன் மகனிடம் சொன்னவன் நான். என் பேச்சை நம்பித்தான் அவன் உன் அறையிலிருந்த டிவிடி பிளேயரை எடுத்து அலமாரிமேல் வைத்தான். கடைசி நாட்களில் நீ வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய்.

இன்று காலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்குப் புது டிவி வந்தது. உன் காரியம் முடிந்த அன்று, "மாமா, இத நீங்களே வச்சிக்குங்க" என்று உன் மகன் கொடுத்த பிளேயரை அதில் மாட்டினேன். அவனுடைய கல்யாண சிடி உள்ளேயே இருந்தது. உன் பழைய டிவியில் படத்துக்கு ஒரு துளை, சத்தத்துக்கு ஒரு துளை. பிளேயர் ஒயருக்கோ மூன்று முனை: படத்துக்கு மஞ்சளும் சத்தத்துக்கு வெள்ளையும் போக, சிவப்பு முனை சும்மா தொங்கும். புது டிவியில் சிவப்புக்கும் இடம் இருந்தது. சொருகினேன். நாதஸ்வரத்துக்கு நடுவே தங்கச்சி பேசினாள். உன் மனைவி, செத்துப்போனவள், பேசினாள்.

யாரிடமும் கேட்காமல் ஒயர் வேலை கற்றவன் நான். அந்தத் திமிரை வளர்த்ததில் உனக்கும் பங்கு உண்டு. கடலூரில் நம் தெருவில் யார் பிளேயர் வாங்கினாலும், "எங்க மச்சான் வரட்டும், யாரும் கை வெக்காதீங்க" என்பாய். நீ மகனோடு சிதம்பரம் அண்ணாமலை நகர் போய், பக்கவாதத்தில் படுத்த பிறகும், நான் பஸ் ஏறி வந்துதான் சிடி போடுவேன். தங்கச்சி நடமாடும் படம் உன்னிடம் அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வருமுன்பே படம் ஓடிக்கொண்டிருந்தது. தூசு தட்டும்போது கழன்ற ஒயரை உன் மருமகள் திரும்ப மாட்டியிருந்தாள். வெள்ளைக்குப் பதில் சிவப்பை.

"அவ பேசறா மச்சான்," என்றாய், கோணிய வாயோடு. "செவப்ப சொருவுனா பேசறா."

"ரெண்டுலயும் ஒரே சத்தம்தான்டா வரும். செவப்பு சும்மா தொங்கறதுக்கு."

"எனக்கும் அத்த கொரல் மாதிரிதான் கேட்டுது மாமா," என்றாள் மருமகள்.

"நேத்து ஒயரத் தொட்டவ எனக்குப் பாடம் நடத்தறியா?"

ஒரு நிமிடம் நின்று கேட்டிருக்கலாம். டிவி பின்னால் போய்ச் சிவப்பைப் பிடுங்கி வெள்ளையைச் சொருகினேன். மேளம் மட்டும் முழங்கியது. நீ அழுதாய். வாசலில் உன் மகனிடம், "அப்பன் என்னென்னமோ ஒளர்றான். இந்தப் படத்தப் பாத்தா இன்னும் ஜாஸ்தியாவும், எடுத்து வெச்சிடு" என்றேன். ஒயரைச் சுருட்டி என் பையில் போட்டுக்கொண்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம். மருமகள் ஒருமுறை மாட்டியதும் என் இத்தனை வருஷ வேலையைத் தூக்கி எறிந்துவிட்டாயே என்று. அது இன்னும் முழுசாகத் தீரவில்லை, மறைப்பானேன். வீடியோக்காரன் மைக் செட் சத்தத்தை வெள்ளைப் பக்கமும், கேமரா அருகே பேசியதைச் சிவப்புப் பக்கமும் தனித்தனியாகப் பதித்திருப்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

இன்று வெள்ளையைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். பந்தி ஓரத்தில் நின்று தங்கச்சி யாரிடமோ சொல்கிறாள்: "எங்க வூட்டுக்காரரு காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல, உக்கார வைங்க. அண்ணன் எங்க? மைக் செட்டுக்காரன்கிட்ட சண்டையா? அவரையும் இழுத்துக்கினு வாங்க."

இதைத்தான் உன்னிடமிருந்து பிடுங்கினேன்.

நாளை சிதம்பரம் பஸ் ஏற வேண்டியவன் நான். "உங்கப்பன் புத்தி கடைசிவரைக்கும் தெளிவாத்தான் இருந்துது, கெட்டது என் புத்தி" என்று உன் மகனிடம் சொல்ல வேண்டியதும் நான். பிளேயரை மாட்ட வேண்டியது உன் மருமகள். அவள் எதை எங்கே சொருகினாலும் நான் நாற்காலியை விட்டு எழக் கூடாது. உன் மகன் உட்கார்ந்து தன் அம்மா பேசுவதை முழுதும் கேட்க வேண்டும். கேட்டபின் அவன் என்னை என்ன சொன்னாலும் நான் வாதாடாமல் இருக்க வேண்டும்.