அப்பா சாப்பிடும் மாத்திரை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூச்சு வாங்காமல் நடக்க முடிகிறதா? போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அதனால் இங்கே சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வரும் நண்பன் ஆரோக்கியராஜிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் எனக்கு நெஞ்சுவலி வந்தது, சின்னதுதான். உங்களைப் போல எனக்கும் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். "ரத்தம் உறையாம இருக்க எங்கப்பா சாப்புடற மாத்திரையே எழுதிக் குடுங்க" என்றேன். டாக்டர் மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, "அது உங்க உடம்புல சரியா வேலை செய்யாது, ரத்தம் உறைஞ்சிடலாம். இந்தக் குறை அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தது" என்றார். எனக்கு வேறு மாத்திரை கொடுத்துவிட்டார். இன்னும் அதே மாத்திரையைச் சாப்பிடும் உங்களை நினைத்துத்தான் தூக்கமில்லை.

இதோடு இருக்கும் என் ரிப்போர்ட்டை உங்களைப் பார்க்கும் சிதம்பரம் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு வலி வந்தது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். போர்த்திக்கொண்டு தூங்க உங்கள் பழைய வேட்டி ஒன்று கொடுத்தனுப்புங்கள்.

தினமும் காலையில் ஏதோ நம்பரிலிருந்து வந்து, நீங்கள் "அலோ" என்றதும் கட்டாகும் போன் என்னுடையதுதான். திட்டிக்கொண்டாவது எடுங்கள்.

ராஜ்கமல்