மலையில் தீ கூடாது

ஏழாம் மாதம், 3

மழை விட்டது. நெல் நன்றாகத் தலை தூக்கியிருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் பகைவன் இவாபுச்சி மறுபடியும் ஆள் சேர்க்கிறானாம். சேர்க்கட்டும். போன தடவை வந்தவன் தன் படைச்சின்னமான பெரிய குடையைக்கூடப் போட்டுவிட்டு ஓடினான். அது இப்போது என் லாயத்தில் கோழிகளுக்கு நிழல் கொடுக்கிறது.

என் படையில் பெரும்பகுதி தெற்கே மைத்துனருக்கு உதவப் போயிருக்கிறது. கையில் இருப்பது முந்நூறு பேர். தளபதி தோபே, சின்ன வயதிலிருந்து என் பக்கத்தில் நின்று போரிடுகிறவன், பார்க்கும்போதெல்லாம் இதையே சொல்கிறான். "ஐயா, முந்நூறு பேருதான்." எனக்கும் எண்ணத் தெரியும்.

ஏழாம் மாதம், 7

இன்று ஒரு நல்ல யோசனை. என்னுடையதுதான், இந்தக் கோட்டையில் வேறு யாருக்கு வரும்?

பதின்மூன்றாம் நாள் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். பதினாறாம் நாள் வீட்டுக்கு வீடு மலைச்சரிவில் தீ ஏற்றி அவர்களை வழியனுப்புவார்கள். நான் இவாபுச்சியாக இருந்தால் அன்றைக்குத்தான் ஆற்றைக் கடப்பேன். மலை முழுக்கத் தீ எரியும்போது ஆற்றங்கரைக் குன்றில் நாங்கள் மூட்டுகிற எச்சரிக்கைத் தீ யார் கண்ணுக்குத் தெரியும்?

ஆகவே கட்டளை: இந்த வருடம் அந்த நான்கு நாளும் மலையில் தீ கூடாது. மீறினால் தலை போகும். 'யாராக இருந்தாலும்' என்று என் கையாலேயே சேர்த்து எழுதினேன்.

"செத்தவங்க இருட்டுல தடவிக்கிட்டா போவாங்க?" என்றான் தோபே.

"என் ஊர்க்காரங்கடா. வழி தெரியும்" என்றேன்.

ஏழாம் மாதம், 8

என் மனைவி சாயோ சோற்றை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கட்டளை அவள் காதுக்கும் போயிருக்கும்.

ஏழாம் மாதம், 13

வெள்ளரிக்காய்க்கு நான்கு குச்சி செருகிக் குதிரை செய்தாள் சாயோ. வருகிறவன் அதில் ஏறி வேகமாக வர வேண்டும். கத்தரிக்காயில் மாடு, திரும்பும்போது மெதுவாகப் போக. எங்கள் மகன் சென்மாரு போனபின் இதுதான் முதல் வருடம். பனி மாதத்துக் காய்ச்சல். பதினைந்து வயது.

அவள் அவற்றைப் படைத்த அறைக்குள் நான் போகவில்லை. வேலை இருந்தது.

"தீ இல்லாம எப்படிங்க வழி கண்டுபிடிப்பான்?" என்று வாசலில் வந்து கேட்டாள்.

"கெட்டிக்காரப் பையன். கண்டுபிடிச்சிருவான்."

சரியான பதில்தானே? ஏன் அப்படிப் பார்த்துவிட்டுப் போனாள்?

ஏழாம் மாதம், 15

நான் சொன்னதுதான் நடக்கிறது. ஒற்றன் வந்து சொன்னான்: நாளைப் பொழுது சாயும்போது இவாபுச்சி ஆற்றில் இறங்குகிறான், ஆயிரத்தைந்நூறு பேரோடு. நம் தீத் தடையும் அவனுக்குத் தெரியுமாம், உப்பு வியாபாரிகள் சொல்லியிருக்கிறார்கள். தெரியட்டும். முந்நூறு பேரையும் நாணலுக்குள் உட்காரவைத்திருக்கிறேன். தண்ணீரில் பாதி வழி வரும்போது அடிப்பேன். ஜெயிப்பேன்.

ஏழாம் மாதம், 17

ஜெயித்தேன். ஒரு அம்பு விடவில்லை.

நேற்று அவன் முதல் வரிசை தண்ணீரில் கால் வைத்துவிட்டது. அப்போது என் முதுகுப் பக்கம் வெளிச்சம். திரும்பினால் — மலை! அடிவாரத்திலிருந்து உச்சிவரை தீ. எனக்கு ரத்தம் கொதித்தது. எத்தனை பேர் தலையை நான் வெட்டுவது?

அக்கரையில் கூச்சல். இறங்கியவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு கரையேறினார்கள். விடிந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. கால் சுளுக்கி விழுந்து கிடந்தவன் ஒருவன் அகப்பட்டான். "வீட்டுத் தீயெல்லாம் தடைன்னாங்க. அப்ப அது படை மூட்டின தீதானே? தெக்கே போன உங்க ஆளுங்க திரும்பிட்டாங்கன்னு நெனைச்சோம்" என்றான். தோபே நாணலுக்குள் உட்கார்ந்து சிரித்தான், தும்மல் வரும்வரை.

ஆனாலும் கட்டளை கட்டளை. ஊர்த் தலைவர்களைக் கூப்பிட்டு விசாரித்தேன். கிஹெய் என்பவன் மண்ணில் நெற்றி வைத்துச் சொன்னான்: "கோட்டைப் பின்சரிவுலதான் ஐயா மொதல் தீ தெரிஞ்சுது. ஐயாவே ஏத்திட்டீங்க, தடை போச்சுன்னு நெனைச்சு நாங்களும் ஏத்திட்டோம்."

கோட்டைப் பின்சரிவு, எங்கள் வீட்டுத் தீ ஏற்றும் இடம். தோபே தன் செருப்பு வாரைப் பார்க்க ஆரம்பித்தான்.

சாயோவிடம் போனேன். "நீதானா?"

"நான்தான்."

"தலை போகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். வெட்டுங்க. எம் புள்ளைய இருட்டுல அனுப்ப மாட்டேன்."

யாராக இருந்தாலும். என் கை, என் எழுத்து. என் சொல் பொய்க்காது என்பதால்தானே முந்நூறு பேர் ஆயிரத்தைந்நூறு பேருக்கு எதிரே உட்கார்ந்தார்கள்? இவளை விட்டால் நாளைக்கு யார் என்னை நம்புவார்கள்? இவளை வெட்டிவிட்டு நான் என்ன செய்வேன்? என்னால் முடியாது. முடியவே முடியாது.

முற்றத்துக்கு வந்தேன். குரலை உயர்த்தினேன். "தீ ஏத்தச் சொன்னதே நான்தான்! தடையும் என் தந்திரம், தீயும் என் தந்திரம். ரகசியம் காக்கணும்னு யார்கிட்டயும் சொல்லல."

 முற்றம் முழுக்க ஆரவாரம். "அடேயப்பா, என்ன மூளை ஐயாவுக்கு!" என்றான் தோபே, எல்லோருக்கும் கேட்கும்படி. பாவி. சாயங்காலத்துக்குள் எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

ஏழாம் மாதம், 18

கத்தரிக்காய் மாடு இன்னும் படையல் பலகையில் நிற்கிறது. ஏன் என்று கேட்டேன்.

"நான் தீதான் ஏத்தினேன். அப்பா ஒரு வார்த்தை சொல்லாம அவன் எப்படிங்க கிளம்புவான்?"

நானே ஆற்றுக்கு எடுத்துப் போனேன். தண்ணீரில் விட்டேன். பேச்சு வரவில்லை. என் குரல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்பார்கள்.

"போயிட்டு வாடா" என்றேன். பிறகு அழுதேன். நன்றாக அழுதேன்.

மறு வருடம், ஏழாம் மாதம், 16

ஆற்றங்கரைக் குன்றில் இனி எச்சரிக்கைக்குச் சங்குதான், தீ இல்லை. இதுவும் என் யோசனை.

பின்சரிவில் முதல் தீயை நான் ஏற்றினேன். கத்தரிக்காய் மாட்டுக்கு இந்தத் தடவை கால் செருகியதும் நான்தான். நான்கும் நான்கு உயரம்.

"இது எப்படிங்க நடக்கும்?" என்றாள் சாயோ.

"மெதுவாப் போகட்டும்" என்றேன்.