றினோஸா சொன்ன விடை

அன்பின் ஸுஹைறாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில நான் சுகம். உன்ட முழங்கால் நோவு எப்படி?

வெள்ளிக்கிழமை மூத்தவள் றினோஸா சோதனைக்கு உயிரியல் மீட்டிப் படிச்சாள். அவள் அனுப்பின பக்கத்தைப் பார்த்து நான் போன்ல கேள்வி கேட்டன். பிள்ளை ஆணா பெண்ணா எண்டு தீர்மானிக்கிறது எது எண்டு கேட்க, "தகப்பன்ட நிறமூர்த்தம், குரோமோசோம்" எண்டாள். கொஞ்சத்தால, "வாப்பா, லைன் வெட்டுப்பட்டிட்டா?" எண்டாள். ஓம் எண்டன்.

மூணாவதும் பொம்புளப்புள்ள எண்டதும், "உன்னால கலியாணச் சீதனமா மூணு வீடு கட்டணும்" எண்டு ஆஸ்பத்திரிக் கட்டில்லயே உன்னை ஏசினன். போன்ல இதக் கதைக்க வெக்கம்.

ஊருக்கு வாற என்ட கூட்டாளி முஸ்தாக் இந்தக் கடிதத்துக்குக் காத்து நிக்கிறான். அவன் திரும்பக்குள்ள மாசிக் கருவாட்டுத் தூள் குடுத்து விடு. சின்னவள் பொறந்த அண்டைக்கு எடுத்த படத்தையும் வை. நான் அதப் பார்க்கவேயில்ல.

உன் பஸால்