இறந்தவர் பெயரில் திறந்த லிஸ்ட்

அண்ணே,

உங்கள் கீபோர்டைத் துடைக்கக் கவிழ்த்தேன். அடியில் அந்த மஞ்சள் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் பெயர், அதன் பின்னால் குவார்ட்டர்ஸ் நம்பர். ஆபீஸ் முழுக்கத் தெரிந்த உங்கள் பாஸ்வேர்டு. வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

சர்வரில் எந்த ஃபோல்டரை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று ஒவ்வொருவருக்கும் நான் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தேன். ஹெட் கிளார்க் என்பதால் உங்களுக்கு மட்டும் எல்லாமே திறக்கும். நீங்களோ ஷெட்டில் சைக்கிளைப் பூட்டாமல் விடுவதுபோல அதையும் விட்டீர்கள். எவன் வேண்டுமானாலும் ஏறிப் போகலாம். நான் சண்டை போட்டால், "நம்ம பசங்கதானப்பா, என்னா பண்ணிடப் போறானுங்க" என்று சிரிப்பீர்கள். நல்லவராம். இல்லை என்று சொல்லத் துப்பில்லாததற்கு நம் ஊரில் அப்படியொரு பெயர்.

அந்தப் பசங்களின் லட்சணத்தையும் கேளுங்கள். உங்கள் சாவு வீட்டில் உங்களுக்கு மாலை போடுவதில் யார் முதலில் என்று தகராறு செய்தார்கள். மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு உங்கள் பெயரில் லாகின். பிறகு தினமும். தங்களுக்கு அனுமதி வேண்டும் என்று எனக்கு ஒரு வரி எழுதித் தரச் சோம்பேறித்தனம். செத்தவர் பெயரில் நுழையக் கூச்சமே இல்லை.

போன மாதம் வடக்குத்து கிராமத்திலிருந்து தனசேகர் வந்தார். சுரங்கத்துக்கு நம் கான்ட்ராக்ட் கம்பெனி அனுப்பும் ஆள், நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாருகிறவர். பர்மனென்ட் ஆக்கும் சீனியாரிட்டி லிஸ்ட்டில் நான்காவதாக இருந்தவரின் பெயரையே காணோம். "பத்து வருசமா ஒரு ஷிஃப்ட் வுடாம வந்துகினுதான் இருக்கேங்க. எம் பேரு எங்க போச்சி?" என்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சர்வர் பதிவைப் பார்த்தேன். பெயரை நீக்கியது நீங்கள். உங்கள் கருமாதிக்கு மறுநாள்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அந்த ஆள் நிமிரக்கூட இல்லை. "பழி செத்தவர் மேலயே இருந்துட்டுப் போவட்டும்பா. அவருக்கு இனிமே என்ன ஆவப் போவுது?"

எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினார்கள் என்பதும் பதிவில் இருக்கும். அந்த மேதாவிக்கு அது தெரியாது. அந்தக் கம்ப்யூட்டர் அவர் மேஜையில்தான் இருந்தது. லிஸ்ட்டில் புதிதாக நான்காவதாக வந்திருந்தவன் அவர் மச்சான்.

பழைய பிரதியை எடுத்து லிஸ்ட்டைச் சரி செய்தேன். அதை அச்செடுத்து, பதிவோடு சேர்த்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். உங்கள் லாகினை நிறுத்தினேன். மறுநாள் ஒன்பது பத்துக்கு ஏழு பேர் வந்து நின்றார்கள், ஃபோல்டர் திறக்கவில்லையாம். எழுதிக் கொடுங்கள் என்றேன். முறைத்துவிட்டுப் போனார்கள். என் வேலை இந்த மாதத்தோடு சரி என்று பேச்சு. ஆகட்டும்.

இவ்வளவும் திட்டிவிட்டு இதை மட்டும் மறைத்தால் நானும் அந்தக் கூட்டம்தான். நீங்கள் போன அன்றே நிறுத்தியிருக்க வேண்டிய லாகின் அது. என் வேலை அது. மனம் வரவில்லை, அண்ணே. காலையில் என் திரையில் நீங்கள் உள்ளே இருப்பதாக உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். எவனோ ஒருவன் என்று தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புள்ளியால்தான் தனசேகர் பத்து வருடத்தைத் தொலைக்க இருந்தார்.

சீட்டைக் கிழிக்கவில்லை. சட்டைப் பையில் இருக்கிறது. இனி அது எதையும் திறக்காது.