நாற்பதாம் அத்தியாயத்தோடு நிறுத்திவிடு

தூத்துக்குடி
9.1.1984

என் அருமைப் பூமாரிக்கு,

சொர்ணலதா எழுதுவது. கர்த்தர் கிருபையில் உயிரோடும் வாயோடும் இருக்கிறேன். கண்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறது. வரிகள் ஏறி இறங்கிக் கிடந்தால் சிரிக்காதே. என் கையால் உனக்கு எழுதுகிற கடைசிக் கடிதமாகக்கூட இது இருக்கலாம். இனி மருமகள் செல்வமணிதான் எனக்காக எழுத வேண்டும், வருகிற கடிதத்தை வாசித்துச் சொல்லவும் வேண்டும்.

கண்ணுக்குள் அழுத்தமாம். போனது போனதுதான், இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார் டாக்டர். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அழவே கூடாது. "அழாம இருக்க மருந்து இருக்கா டாக்டர்?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மகன் சுந்தர்ராஜ் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தான். எங்கள் சபையில் ஒரு அம்மா கதைகளை வாசித்துக் கேசட்டில் பிடித்துத் தருகிறார். நல்ல மனசுதான். ஆனால் என்னால் முடியவில்லை பூமாரி. அழுகிற இடம் வந்தால் எனக்கு முன்னால் அவரே அழுதுவிடுகிறார். புத்தகம் என்றால் நான் நிற்கிற இடத்தில் அதுவும் நிற்கும். பிடித்த வரியில் விரலை வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம். கேட்பது என்றால் அடுத்தவர் வாய்க்குப் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது.

யார் வாயாலாவதுதான் கேட்க வேண்டும் என்று ஆகிவிட்ட பிறகு, அது உன் வாயாக இருக்கட்டுமே. நம் தொடர்கதையை வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணி, போடியை விட்டு வரும்போது உன்னிடம் கொடுத்தேனே, அதை வாசித்துப் பிடித்து அனுப்புவாயா? நாற்பதாம் அத்தியாயம் வரைக்கும் போதும். அதற்கப்புறம் கதை சவசவவென்று போகும். நாற்பதோடு நிறுத்திவிடு.

உன்,
சொர்ணம்


போடி
22.1.1984

என் சொர்ணத்துக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சோறு குழைந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உனக்கா இப்படி வர வேண்டும்? ஊரில் எத்தனையோ பேர் கண்ணை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

ஏலக்காய்க் கொட்டகையை நினைத்துக்கொண்டேன். பதினாலு பேர் வட்டமாக உட்கார்ந்து வெடித்த காய், கறுத்த காய், பச்சைக் காய் என்று பிரிப்போம். நீ நடுவில் பத்திரிகையை விரித்து வாசிப்பாய். உன் முறம் காலியாகத் தெரியக் கூடாது என்று ஆளுக்கு ஒரு கை காய் உனக்குப் போடுவோம். "கணக்குப்பிள்ளை வந்துட்டாகடி" என்று ஜக்கம்மா குரல் கொடுத்தால் பத்திரிகை முறத்துக்கு அடியில் போய்விடும்.

நானும் அஞ்சாவது படித்தவள்தான். ஆனால் நானே படித்தால் எழுத்துதான் வரும், கதை வராது. நீ வாசித்தால்தான் ஆட்கள் எழுந்து நடப்பார்கள். அறுபத்தஞ்சில் என் ராஜாத்தி ஆறு வயசில் காய்ச்சலில் போனாளே, அந்த வருஷம் நான் பைத்தியமாகாமல் இருந்தது உன் குரலால்தான். கதையில் வேணிக்கும் அதே காய்ச்சல் வந்து, கண் முழித்துக் கஞ்சி கேட்டு, அப்புறம் ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் போவாளே, அதைக் கேட்கத்தான் நான் வேலைக்கே வந்தேன்.

மைக் செட் கருத்தக்கண்ணனிடம் டேப் ரிக்கார்டர் இரவல் வாங்கியிருக்கிறேன். முதல் நாள் தொண்டை வற்ற ரெண்டு அத்தியாயம் வாசித்துவிட்டுப் போட்டுப் பார்த்தால் ஒரு சத்தமும் இல்லை. "ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கணும்னு சொன்னேன்ல அக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டான். "எங்க வீட்டுக்காரி சுவத்துக்குக் கதை சொல்லியிருக்கா" என்று எங்கள் வீட்டுக்காரர் பலவேசம் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

பஸ் சத்தம், ஆட்டுச் சத்தம் எல்லாம் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள். அது சரி, ஏன் நாற்பதோடு நிறுத்தணும்? வேணி பிழைக்கிறது அதுக்கப்புறம்தானே?

உன் பிரியமுள்ள,
பூமாரி


தூத்துக்குடி
20.2.1984

அன்புப் பூமாரிக்கு,

நான் சொல்லச் சொல்ல செல்வமணி எழுதுகிறாள். குண்டு குண்டான கையெழுத்து என்று சுந்தர்ராஜ் சொல்கிறான். நான் பார்க்கவில்லை.

ஆறு கேசட்டும் வந்து சேர்ந்தன. சபை அம்மாவுக்கு மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டேன். நீ திக்கித் திக்கி வாசிக்கிறாய், பாதி வார்த்தையில் நின்று மூச்சு வாங்குகிறாய். அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பக்கமே கண்ணுக்குள் வந்துவிடுகிறது. முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில் நடுவே "ஏலே, ஆட்டப் பிடிறா" என்று கத்தியிருக்கிறாய். அதை மட்டும் நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

ஆனாலும் சொல்கிறேன், புத்தகம் புத்தகம்தான். அச்சடித்ததில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது. அந்தத் தைரியம் கேட்பதில் இல்லை.

நாற்பதோடு நிறுத்து பூமாரி. காரணம் கேட்காதே. பைண்டை எனக்கே அனுப்பிவிட்டாலும் சரி.

உன்,
சொர்ணம்


போடி
4.3.1984

சொர்ணலதாவுக்கு,

நாற்பத்தொன்றை வாசித்துவிட்டேன்.

உனக்குத் தெரியாமல் பிடித்து அனுப்பினால் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். பட்டன் ரெண்டும் அமுங்கித்தான் இருந்தது. இதோ கண் முழிப்பாள், இதோ கஞ்சி கேட்பாள் என்று வாசித்துக்கொண்டே போனேன். அவள் முழிக்கவில்லை. வேணியை வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த அத்தியாயத்தில் அவள் பேரே இல்லை.

ஜக்கம்மா வீட்டுக்கு ஓடினேன். "அது அன்னைக்கே தெரியும் பூமாரி. எல்லாருக்கும் தெரியும். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொர்ணம் சத்தியம் வாங்கிட்டா" என்றாள். பத்தொன்பது வருஷம்! பதிமூணு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே காய் பிரித்திருக்கிறீர்கள்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வருஷா வருஷம் வேணிக்கு வயசு எண்ணுவேன். இப்போது இருபத்தஞ்சு. கல்யாணம் முடித்திருப்பாள், கையில் ஒரு பிள்ளை இருக்கும். என் ராஜாத்தியை அவளுக்குள்ளே வைத்துத்தான் நான் வளர்த்தேன். போன வியாழக்கிழமை அவளையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்தேன். ஒரு தாய்க்கு ஒரு தடவை போதாதா?

உன்னை யார் கேட்டார்கள்? அன்றைக்கே சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அப்போது எனக்குத் தெம்பு இருந்தது. இப்போது இல்லை. இனிமேல் எனக்கு எழுதாதே. நான் கேசட்டும் அனுப்ப மாட்டேன்.

பூமாரி


தூத்துக்குடி
15.3.1984

என் தங்கப் பூமாரிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து என் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. "பைண்டைப் படித்துவிட்டேன், உன் திருட்டுத்தனம் தெரிந்துவிட்டது, நானும் ஜக்கம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம்" என்று செல்வமணி வாசிக்க வாசிக்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "முழுசும் வாசிச்சியா?" என்று ரெண்டு தடவை கேட்டேன். "முழுசும் வாசிச்சிட்டேன் அத்தை" என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது, பாவம், பாத்திரம் விளக்கிவிட்டு வந்திருப்பாள்.

வேண்டுமென்று செய்யவில்லை பூமாரி. அந்த வரி வருவதை என் கண் முன்னாலேயே பார்த்துவிட்டது. நிமிர்ந்தால் நீ. ராஜாத்தி போய் இருபது நாள்கூட ஆகவில்லை. என் வாய் தானாக வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதற்கப்புறம் பதிமூணு வாரம் வேணியை நானே வளர்க்க வேண்டியதாயிற்று. ரிப்பன், பள்ளிக்கூடம், பாட்டுப் போட்டி எல்லாம் என் கட்டுக்கதை. ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. நீ ஆசையாகக் கேட்டாய் என்று பைண்டைக் கொடுத்துவிட்டு, நீ என்றாவது அதைத் திறப்பாய், அன்றோடு நாம் முடிந்தோம் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

நேற்று சன்னல் கம்பி மூன்றும் எனக்குத் தெரிந்தன. மனசு லேசானதுதான் காரணம் என்கிறான் சுந்தர்ராஜ். இப்படியே இருந்தால் இருக்கிற வெளிச்சம் நிற்கும் என்று டாக்டரும் சொன்னார். இனி மறைக்க என்ன இருக்கிறது? மீதியையும் வாசித்து அனுப்பு. உன் குரல் இல்லாமல் பகல் நகர மாட்டேன் என்கிறது.

உன் குற்றவாளி,
சொர்ணம்


போடி
2.4.1984

செல்வமணி, இந்த முதல் பத்தியைக் கண்ணால் மட்டும் படி, வாயால் படிக்காதே. என் கடிதத்தை நீ மாற்றி வாசித்திருக்கிறாய். அது தெரிந்ததும் வந்த ஆத்திரத்தில் டேப்பைப் போட்டு, அரை மணி நேரம் உன் அத்தையைப் பேசித் தீர்த்தேன். என் குரலை உன்னால் மாற்ற முடியாதல்லவா? அந்தக் கேசட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸ் படி வரைக்கும் போனேன். சன்னல் கம்பி மூன்றும் தெரிந்தன என்று எழுதியிருந்தாளே, அது ஞாபகம் வந்து காலைக் கட்டிப் போட்டுவிட்டது. இதைக் கேட்டால் அவள் அழுவாள். அப்புறம் கம்பியும் தெரியாது. நான் என்னதான் செய்யட்டும் தாயி? அனுப்பவும் முடியவில்லை, பொறுக்கவும் முடியவில்லை. உன்னைத் திட்டலாம் என்றால், அவள் எனக்குச் செய்ததைத்தான் நீ அவளுக்குச் செய்திருக்கிறாய். என் பழைய கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. கீழே இருப்பதை ஒரு எழுத்து மாற்றாமல் வாசி. மாற்ற வேண்டியதை நானே மாற்றி எழுதியிருக்கிறேன்.

என் சொர்ணத்துக்கு,

ஆமாடி, சிரித்தோம். ஜக்கம்மாவுக்குப் புரையே ஏறிவிட்டது. பதிமூணு பேர் சேர்ந்து ஒருத்தியை இப்படியா ஏய்ப்பீர்கள்? நீ வந்ததும் உன் முதுகில் நாலு சாத்து சாத்துவேன்.

மீதிக் கதையை ஒரு கேசட்டில் பிடித்து அனுப்பியிருக்கிறேன். அது ஏற்கெனவே பேசிய கேசட், அதன் மேலேயே பிடித்தேன். கடைசியில் வேறு ஏதாவது முனகல் கேட்டால் நிறுத்திவிடு. பைண்டைப் பார்த்து வாசிக்கவில்லை. நீ கொட்டகையில் சொன்னபடியே சொல்லியிருக்கிறேன். நீ எழுதி வைக்காவிட்டால் என்ன, எனக்குப் பதிமூணு வாரமும் பாடம். ரிப்பன் பச்சையா சிவப்பா என்றுதான் சந்தேகம். பச்சை என்று சொல்லியிருக்கிறேன். தப்பென்றால் எழுது, திருத்திக்கொள்கிறேன்.

வேணி கண் முழித்துக் கஞ்சி கேட்கிற இடத்தில் குரல் கம்மியிருக்கும். அன்றைக்கு எனக்குச் சளி பிடித்திருந்தது.

உன்,
பூமாரி